சனி, ஞாயிறுக்கு ஒரே பக்கம் தரும் டைரி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்டேஷனரிக் கடைகளில் அடுத்த வருஷத்து டைரிகள் வந்து குவிந்துவிடும். அவற்றில் ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்டு, நாளுக்கு ஒரு பக்கம் என்று வருவதைத்தான் என் தம்பி பயன்படுத்துகிறான். விலை கிட்டத்தட்ட நூற்றைம்பது ராண்டு. அவனுக்குத் தலையில் அடிபட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாமான்களில் இதுதான் மலிவு. தினமும் கையில் எடுப்பதும் இதைத்தான். மற்றவற்றில் பல அலமாரியில் தூங்குகின்றன. அவற்றைப் பற்றியும் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் யாருக்காக வாங்கினோம் என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டைரிக்கு இவ்வளவு நீளமாக மதிப்புரையா என்று தோன்றும். தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தான். நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2022இல் நண்பன் ஓட்டிய காரில் போய்க்கொண்டிருந்தான். சிக்னலைத் தாண்டும்போது குறுக்கே வந்த மினிபஸ் டாக்ஸி அவன் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதிய கிளாஸ்கோ மதிப்பெண் 7. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடும் கணக்கு அது. 1974இல் கிளாஸ்கோவில் இரண்டு மூளை அறுவை மருத்துவர்கள் உருவாக்கியது. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மூளையின் முன்பகுதியில் ரத்தக்கட்டு, அது போக மூளைக்குள்ளே நரம்பு இழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுந்திருந்தன என்றார்கள். ஐசியூ, வார்டு, மறுவாழ்வு மருத்துவமனை என்று சுற்றி வீட்டுக்கு வந்தான்.

வந்தவனைப் பார்த்த எல்லோரும் “நல்லாத்தானே இருக்கான்!” என்றார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான், கிரிக்கெட் பேசுகிறான். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் யார் எப்படி அவுட் ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்வான். அன்று காலை என்ன டிபன் என்று கேட்டால் முழிப்பான். பழையது பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது, புதிதாக எதுவும் ஒட்டுவதில்லை. அதைவிடச் சிரமம், எதையும் தானாகத் தொடங்க மாட்டான். குளி என்றால் குளிப்பான். சொல்லாவிட்டால் மத்தியானம் வரை அதே நாற்காலி. சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டுகிற வீடுகள் உண்டு. ஒரு காரியத்தைத் தொடங்கிவைக்கிற வேலை மூளையின் முன்பகுதியுடையது. அடிபட்டது அங்கேதான்.

சரி, சாமான்களுக்கு வருவோம். அவன் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனசு, நல்ல வாட்ச். ஏழு மணிக்குக் கையில் அதிரும், ‘மாத்திரை’ என்று எழுத்து வரும். இவன் பார்ப்பான், தொட்டு அணைப்பான், எழுந்து சமையலறைக்குப் போவான். கதவைத் தாண்டும்போது எதற்கு வந்தோம் என்பது போய்விடும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவான். நினைவூட்டலை அணைத்துவிட்டால் ஞாபகமும் அதோடு அணைந்துவிடுகிறது. அலாரமே உதவாது என்று சொல்லவில்லை. 2001இல் இங்கிலாந்தில் மூளை பாதித்த 143 பேருக்குப் பேஜர் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. எங்கள் வீட்டில் அலாரம் அடிக்கும் இடமும் மாத்திரை இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் வேலை நடக்கிறது. அதனால் இப்போது ஒரு பழைய போன், ஏழு நாள் மாத்திரை டப்பாவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அலாரத்தை அணைக்க வேண்டுமானால் டப்பாவைத் தொட்டே ஆக வேண்டும். வாட்ச் இப்போது என் கையில்.

குரலில் பேசும் ஸ்பீக்கர் ஒன்றும் வந்தது. “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டால் சொல்லும். அவனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் 2023இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்குத் தெரியும், லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்கெல்லாம் போன வருஷம் அது. கரண்ட் போனால் வைஃபை போகும், கொஞ்ச நேரத்தில் டவரில் பேட்டரி தீர்ந்து சிக்னலும் போகும். நாள் கிழமை கேட்டு ஒருவன் இருட்டில் உட்கார்ந்திருப்பான். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஸ்பீக்கர் மேலிருந்த நம்பிக்கை போனது போனதுதான்.

மூளைக்குப் பயிற்சி தரும் கேம் என்று சந்தா கட்டி ஆடும் ஆப் ஒன்றையும் சொந்தக்காரப் பையன் போட்டுக் கொடுத்தான். பெயர் வேண்டாம். தம்பிக்கு அதில் ஸ்கோர் ஏறியது, உண்மை. கேமில் ஏறிய ஸ்கோர் அடுப்பை அணைக்க உதவவில்லை, அதுவும் உண்மை. எங்களுடையது அதுவல்ல, ஆனால் இந்த வகையில் பேர்பெற்ற லுமோசிட்டியை நடத்தும் நிறுவனம், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மூளைக்காய மறுவாழ்வுக்கென்று 2023இல் புதுப்பிக்கப்பட்ட இன்காக் என்ற பன்னாட்டு வழிகாட்டுதலும், ஞாபகக் குறைவு கடுமையாக இருப்பவர்களுக்கு நோட்டு, போன் மாதிரியான வெளித் துணைகளைப் பழக்கிவிடச் சொல்கிறது. ஞாபகத்தையே பழையபடி ஆக்கிவிடுவேன் என்று யாராவது பணம் கேட்டால் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி டைரி. இதைச் சொன்னது வீட்டுக்கு வந்து பயிற்சி தந்த ஓ.டி. மேடம். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை இங்கே எல்லோரும் ஓ.டி. என்றுதான் சொல்கிறார்கள். வெறும் டைரியை வாங்கி அவன் கையில் கொடுத்திருந்தால் அதுவும் வாட்ச் போன வழியில்தான் போயிருக்கும். ஞாபகம் இல்லாதவனுக்கு, டைரி ஒன்று இருக்கிறது என்பதே ஞாபகம் இருக்காதே! இந்த மதிப்புரையில் டைரிக்குப் பாதி மார்க் என்றால் மீதிப் பாதி அந்த அம்மாவுக்குத்தான்.

அவர் செய்ததற்கு ஒரு முறை உண்டு. சோல்பெர்க், மட்டீர் என்ற இரு நிபுணர்கள் 1989இல் எழுதி வைத்த மூன்று படிகள். முதல் படியில் எழுதவே வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும். “இன்னைக்குச் செய்ய வேண்டியது எந்த இடத்துல இருக்கும்?” பக்கத்தின் மேல்பாகம். “நடந்தது?” அடிப்பாகம். “மாத்திரைப் பேரு?” முன் அட்டைக்குப் பின்னால். இதையே திரும்பத் திரும்பக் கேட்பார். இரண்டாவது படி நாடகம். மேடம் பக்கத்து அறைக்குப் போய், டாக்டர் ஆபீஸிலிருந்து பேசுவது போல போன் செய்து, “உங்க அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு” என்பார். இவன் வியாழக்கிழமைப் பக்கத்தைத் தேடி எழுத வேண்டும், பழையதை அடிக்க வேண்டும். மூன்றாவது படி வெளியுலகம். சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்று ஒரு சந்தை இருக்கிறது, வெள்ளி, சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. அங்கே டைரியோடு அனுப்பினார். சுகர் பீன்ஸ், பச்சை மிளகாய், கொத்தமல்லி, அவ்வளவுதான். நான் பத்தடி பின்னால். ஒவ்வொரு கடையிலும் நின்று, டைரியைத் திறந்து, வாங்கினதை டிக் அடித்து, மூடி, அடுத்த கடை. கீரைக்காரப் பாட்டி இவனைச் சுகாதார இன்ஸ்பெக்டர் என்றே நினைத்துவிட்டார். நல்ல கட்டாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

பயிற்சியில் இன்னொரு விஷயம். அது எனக்கு லேசில் வரவில்லை. நாம் பிள்ளைகளிடம் “யோசிச்சுச் சொல்லு பாப்போம்” என்போம். வகுப்பில் என் பிழைப்பே அந்த வாக்கியத்தில்தான் ஓடுகிறது. இவனிடம் அது கூடவே கூடாது என்றார் மேடம். யோசித்து ஒரு தப்பான பதில் சொல்வான். தப்பு என்று நாம் சொன்னது அவனுக்கு நிற்காது. ஆனால் வாயிலிருந்து வந்த அந்தத் தப்பு உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டு, அடுத்த முறையும் அதுவே முந்திக்கொண்டு வரும். நல்ல ஞாபகம் உள்ளவன் தப்பிலிருந்து கற்கிறான், ஏனென்றால் தப்பு செய்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. இவனுக்குத் தப்பே வராதபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். “டைரி எங்க வச்ச?” என்று கேட்காமல், “டைரி டிவி பக்கத்துல இருக்கு, எடு” என்று சொல்ல வேண்டும். எடுப்பான். நாள்பட, சொல்லாமலே கை அங்கே போகும். டைரிக்கு வீட்டில் ஒரே இடம்தான், அதை யாரும் நகர்த்தக் கூடாது. ஊரிலிருந்து வந்த அம்மா ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்து, டைரியைச் சாமி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார். அன்று முழுக்க வீட்டில் புயல்தான்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டுவிட்டே இங்கே எழுதுகிறேன். மேலே: ‘7.00 மாத்திரை’, டிக். ‘9.30 நடை, செல்லை எடு’, டிக். ‘11 முதல் 12 படு. தூக்கம் வராட்டியும் படு’, டிக். மூளைக்காயத்தில் வருகிற களைப்பு நம் களைப்பு மாதிரி இல்லை. அரை மணி பேசினாலே முகம் வெளிறிவிடும். களைத்த பிறகு படுத்துப் பிரயோஜனம் இல்லை, களைப்பு வருவதற்கு முன்பே படுக்க வேண்டும். அதனால் ஓய்வுக்கும் டைரியில் ஒரு வேலைக்குரிய மரியாதை. ‘2.00 பழைய மேனேஜர் போன். வேலை பற்றிக் கேட்டார். அக்காவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.’ இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு. அடியில்: ‘பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாயாசம் கொடுத்தார். நன்றி சொல்லியாச்சு.’ அந்தக் கடைசி இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் ஆன்ட்டிக்கு அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தடவை நன்றி போய்ச் சேரும்.

முன்பக்கத்தில் மேடம் தனித்தாள் ஒன்று ஒட்ட வைத்தார். எப்போதும் மாறாத விஷயங்களுக்கு. எங்கள் அப்பா 2021இல் கோவிடில் போனார். விமானம் இல்லாமல் நாங்கள் இருவருமே ஊருக்குப் போக முடியவில்லை. விபத்துக்கு முந்தைய சில மாதங்கள் அவனுக்குக் கலைந்து போயிருந்தன, அதில் அதுவும் ஒன்று. “அப்பாவுக்குப் போன் போட்டியாக்கா?” என்று கேட்பான். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அன்றைக்குத்தான் அப்பா செத்த மாதிரி அழுவான். மறுநாள் மறுபடி. இல்லாததை இருப்பதாகச் சொல்லிச் சமாளிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. மேடம் அவனையே எழுதச் சொன்னார், அவன் கையெழுத்தில், அவன் வார்த்தையில்: ‘அப்பா 2021இல் இறந்துவிட்டார். கோவிட். எனக்குத் தெரியும். நானும் அக்காவும் போனில் பார்த்தோம்.’ ‘எனக்குத் தெரியும்’ என்ற வரி மேடம் சேர்க்கச் சொன்னது. அதற்குப் பிறகு கேட்க வாயெடுக்கும்போது டைரியைப் பிரிப்பான், படிப்பான், கொஞ்ச நேரம் பேச மாட்டான். அழுகை குறைந்தது. அடுத்தவர் வாயால் புதுச் செய்தியாகக் கேட்பது வேறு, தன் கையெழுத்தில் படிப்பது வேறு போலிருக்கிறது. வருஷா வருஷம் புது டைரிக்கு அந்தத் தாளை அவனே பெயர்த்து ஒட்டுகிறான்.

இப்போது குறைகள். பெரிய குறை தலைப்பிலேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும் ‘நாளுக்கு ஒரு பக்கம்’ டைரிகளில் பலவற்றில் சனியும் ஞாயிறும் ஒரே பக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஆபீஸ்காரர்களை மனதில் வைத்து அச்சடிப்பது. தலைக்காயம் பட்டவனுக்கு வார இறுதிதான் கஷ்டம். தெரபி இல்லை, வழக்கமான ஒழுங்கு இல்லை, வீட்டுக்கு ஆள் வருவார்கள், கோயில், கல்யாணம். எழுத நிறைய இருக்கும், இடம் பாதிதான் இருக்கும். அவன் எழுத்து பொடியாகிப் பொடியாகி மறுநாள் அவனாலேயே படிக்க முடியாமல் போகும். முதல் டைரியில் ஒவ்வொரு வாரமும் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டினோம். மார்ச்சுக்குள் டைரி வாய் மூடவில்லை.

அப்புறம் முதல் பக்கங்களில் உலக நேரம், கிலோவைப் பவுண்டாக்கும் அட்டவணை, பள்ளி விடுமுறை, அடுத்த வருஷக் காலண்டர் என்று ஒரு மூட்டை. அடுத்த வருஷக் காலண்டரைப் பார்த்து இவன் வருஷத்தையே மாற்றிச் சொன்னான். அந்தப் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டோம். மேல் முனையில் கிழிக்கிற மாதிரி துளைக்கோடு போட்ட டைரி கிடைத்தால் விடாதீர்கள். முடிந்த நாளின் முனையைக் கிழித்துவிட்டால் இன்றைய பக்கம் தானாக வந்து விரலில் நிற்கும். நாடா மட்டும் இருந்தால் போதாது, நாடாவை நகர்த்த மறந்துவிடுவான்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுது என்றதும் இவன் வீட்டு அலாரம் நம்பர், கேட் ரிமோட் இருக்கும் இடம், வங்கிக் கார்டின் ரகசிய எண் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டான், மேலே வீட்டு விலாசத்தோடு. இந்த ஊரில் இதைவிடத் திருடனுக்கு வேண்டியது வேறில்லை. இப்போது விலாசம் கிடையாது, என் போன் நம்பர் மட்டும். கேட்டுக்கு விரல்ரேகைப் பூட்டு.

வெளியே எடுத்துப் போவதிலும் சிக்கல் உண்டு. தைப்பூசக் காவடிக்கு அம்கேனி ரோடு கோயிலுக்குப் போனோம். மேளம், கூட்டம், வெயில். இந்த நிலையில் உள்ளவர்களுக்குச் சத்தத்தை வடிகட்டுகிற சக்தி குறைவு, எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வரும். காதில் நுரை அடைப்பான் வைத்துக்கொண்டான். (மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. எந்த மதிப்புரையும் தேவையில்லை, வாங்கிப் பையில் போடுங்கள்.) ஆனால் ஏ5 டைரியை இடுப்பு வேட்டியில் எங்கே செருகுவது? கையில் பிடித்தபடியே நின்றான். அதற்கென்று தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று தைத்துக் கொடுத்தேன். ஏ6 அளவு வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினோம், எழுத இடம் பற்றவில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. விபத்து இழப்பீட்டுக்கு இங்கே ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் இருக்கிறது. இடித்த ஓட்டுநர் யாரென்று தெரிந்தால் 3 வருஷத்துக்குள், இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் 2 வருஷத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பின்னாளில் வரப்போகும் சிகிச்சைச் செலவுக்கும் உறுதிக்கடிதம் வாங்க வழியுண்டு. எங்கள் வக்கீல் டைரிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ‘இவருக்கு ஞாபகக் குறைவு’ என்று ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரு வரியைவிட, ஒரே வாரத்தில் அவன் எழுதி வைத்திருந்தது அவருக்குத் தெளிவாகச் சொன்னதாம். எல்லோரும் டைரியைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

பேனா இந்த விலையில் சேராது. அடர்த்தியான மையுள்ள ஜெல் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும், பால்பாயின்ட் போதும். பேனாவை நூல் கட்டி டைரியோடு சேர்த்துவிடுங்கள், சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

யாருக்கு இது ஒத்துவராது? காயம் பட்ட புதிதில், நாள், இடம் தெரியாமல் குழம்பி இருக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. அப்போது சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை போதும், அதைக் குடும்பத்தார் எழுதினால் போதும். மூளையின் வலப்பக்க அடியால் இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுபவர்களுக்கு இடது கைப் பக்கம் கண்ணில் படாமலே போகும். அவர்களுக்கு வலது பக்கம் மட்டும் எழுதப் பழக்க வேண்டும், தெரபிஸ்ட்டைக் கேட்டுச் செய்யுங்கள். பேச்சும் எழுத்துமே பாதித்தவர்களுக்குப் படம் ஒட்டிய புத்தகம் தனியாகச் செய்கிறார்கள். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்புகிறவர்கள் டைரியைத் தொடவே மாட்டார்கள். இதுவும் காயத்தின் ஒரு முகம்தான், பிடிவாதம் இல்லை. தம்பியும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தான். “இது உங்கக்காவுக்காக, அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க இல்ல, அவங்க தொந்தரவு குறையட்டும்” என்று மேடம் சொன்ன பிறகுதான் எடுத்தான். என்னைத் தொந்தரவு என்று மேடம் சொன்னது இன்றும் அவனுக்குச் சந்தோஷம்.

வருஷ நடுவில் அடிபட்டால் ஜூலையில் கடையில் டைரி இருக்காது. தேதி அச்சிடாத டைரி வாங்கி, ஒரு மாதத் தேதிகளை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுங்கள், அவர்களை எழுத விட்டால் ஒரு நாள் தவறி முழு மாதமும் பிசகும். நவம்பர் வரை பொறுக்க முடிந்தால், கடையில் டைரியைக் கையில் எடுத்து ஏதாவது ஒரு சனிக்கிழமையைப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் காட்டுவார்கள்.